எட்டாவது மார்க்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வகுப்பில் சாக்பீஸ் வீசியிருக்கிறேன். மீட்டிங்கில் பெரிய பெரிய ஆட்களை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். பஸ்ஸில் வேண்டுமென்றே உரசி நின்ற ஒருத்தனை டிபன் பாக்ஸாலேயே மண்டையில் போட்டிருக்கிறேன். இவ்வளவு வாய் இருக்கிறவள், வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரே ஒரு நாளில் ஊமை மாதிரி நின்றேன். அதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள், எனக்கு அது தேவைதான்.

நான் வேலை பார்ப்பது பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெருக்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். ஊரில் எல்லோரும் 'டிரஸ்டு ஸ்கூல்' என்பார்கள். கட்டடம் அரசாங்கத்தினுடையது, எங்களுக்கு வருகிற சம்பளமும் அரசாங்கப் பணம், ஆனால் நடத்துவது ஒரு டிரஸ்ட். பிள்ளைகள் குறைந்து இழுத்து மூடுகிற நிலைமைக்கு வந்த பள்ளியை ஒப்பந்தம் போட்டு அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரே நிபந்தனை, பிள்ளைகள் வளர்ந்திருக்க வேண்டும்.

வளர்ச்சி என்றால் உயரம், எடை என்று நினைத்துவிடாதீர்கள். ஜூனில் ஒரு பரீட்சை வைப்பார்கள், நாற்பது கேள்வி. பிப்ரவரியில் கிட்டத்தட்ட அதே கேள்விகளை மறுபடியும் வைப்பார்கள். முதல் பரீட்சைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எத்தனை மார்க் ஏறியிருக்கிறதோ அதுதான் வளர்ச்சி. வகுப்பு மொத்தத்துக்கும் கணக்குப் போட்டு ஒரு கலர் கொடுப்பார்கள். பச்சை வந்தால் பிழைத்தோம். மஞ்சள் வந்தால் எச்சரிக்கை. ஒப்பந்த காலத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினால் பள்ளி டிரஸ்டின் கையைவிட்டுப் போய்விடும், அதோடு நாங்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முந்தின வருஷம் என் வகுப்புதான் மஞ்சள் வாங்கியது. இத்தனைக்கும் அது நன்றாகப் படிக்கிற வகுப்பு. அங்கேதான் வினை. ஜூனிலேயே முப்பத்தஞ்சு, முப்பத்தாறு என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை பிப்ரவரியில் எங்கே போய் வளரும்? நாற்பதுக்கு மேல் இடமில்லையே. நன்றாகப் படிக்கிற பிள்ளை எங்கள் கணக்கில் நஷ்டம். இதை மீட்டிங்கில் எழுந்து நின்று சத்தமாகவே கேட்டேன். நல்ல பாயிண்ட் மேடம் என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி.

என் வீட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் திருப்புட்குழிப் பக்கத்து ஊர்க்காரி. எங்கள் அப்பா வரைக்கும் எல்லோரும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள்தான். எங்கள் தெருவில் புடவை முந்தானையில் பின் குத்திக்கொண்டு காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பொம்பளை நான். டீச்சர் வருது என்று சொல்லி ஆட்டோக்காரன்கூட ஓரமாக ஒதுங்குவான். அந்த வேலை போய்விட்டால் அந்தத் தெருவில் எப்படி நடப்பேன் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இதை நியாயம் என்று சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சள் வாங்கின அடுத்த ஜூனில் என் அஞ்சாம் வகுப்பில் பதினாலு பிள்ளைகள். அதில் ஒருத்தியை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பத்து வயசு, ஆள் ஒல்லி, கண் மட்டும் பெரிசு. அப்பா செத்து ரெண்டு வருஷம். அம்மா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருவாள். பள்ளியிலிருந்து ரெண்டு வீடு தள்ளி ஒரு நெசவாளர் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். முன்கட்டில் ஓயாமல் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் பாப்பா படிக்கும். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஒரு தடவைதான், பிடித்துக்கொள்ளும். என் தமிழ்ப் பாடத்தில் நான் விட்ட எழுத்துப்பிழையை எழுந்து வந்து காதில் சொல்லிவிட்டுப் போகும். மற்ற பிள்ளைகள் முன்னால் சொன்னால் எனக்கு அசிங்கமாம்.

அந்தப் பாப்பா ஜூன் பரீட்சையில் எப்படியும் முப்பத்தெட்டு எழுதிவிடும் என்று எனக்குத் தெரியும். பதினாலு பேர் இருக்கிற வகுப்பில் ஒருத்தர் வளராமல் நின்றாலே கலர் மாறிவிடும். பரீட்சைக்கு முந்தின நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அதை மட்டும் நிறுத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பாப்பா, நாளைக்குத் தெரிஞ்சதை எல்லாம் போட்டுடாத. தெரியாத மாதிரி எழுது" என்றேன்.

"பொய்யா டீச்சர்?"

"பொய் இல்லடி. ஒளிச்சு வைக்கிறோம். பிப்ரவரியில மொத்தமா வெளிய எடுத்துக் காட்டலாம்."

அதற்கு ஒரே சந்தோஷம். டீச்சரும் தானும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்துக்கொண்டோம் என்று துள்ளிக்கொண்டு ஓடியது. மறுநாள் பரீட்சை முடிந்ததும் பக்கத்தில் வந்து, ஏழு மட்டும் சரியாகப் போட்டேன் டீச்சர், மீதி எல்லாம் வேணும்னே தப்பு, முட்டை வாங்கினால் சந்தேகப்படுவார்கள் அல்லவா என்று கிசுகிசுத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளினேன்.

விடைத்தாளை நாங்கள் திருத்த மாட்டோம், டிரஸ்ட் ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள். ரிசல்ட் வந்தபோது பாப்பாவுக்கு எட்டு மார்க். அது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. ஏழுதான் டீச்சர், நான் எண்ணித்தான் போட்டேன் என்றது. எங்கேயாவது தப்பாக எண்ணியிருப்பாய் என்றேன். நான் தப்பா எண்ண மாட்டேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனது. ஒரு மார்க் கூட வந்ததற்குக் கோபித்துக்கொண்ட பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எட்டு வாங்கின பிள்ளையைச் சும்மா விடுவார்களா? 'கூடுதல் கவனம் தேவைப்படுவோர்' என்று ஒரு பட்டியல் அடித்துச் சுவரில் ஒட்டினார்கள். பாப்பா பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் காலேஜ் பெண்கள் வந்து அந்தச் சிவப்புப் பொட்டுப் பிள்ளைகளுக்கு அட்டை காட்டி எழுத்து சொல்லிக்கொடுப்பார்கள். ஆங்கிலக் கதைப் புத்தகமே சரளமாகப் படிக்கிற பிள்ளை அங்கே உட்கார்ந்து, க... கா... என்று திக்கித் திக்கி நடித்துக்கொண்டிருந்தது. முதல் மாதம் விளையாட்டாக இருந்தது. அப்புறம் முகம் வாட ஆரம்பித்தது. இன்னும் எத்தனை நாள் டீச்சர் என்று ஒருநாள் கேட்டது. கொஞ்ச நாள்தான் கண்ணு என்றேன். சில நாள் நான் கேள்வி கேட்கும்போதுகூட உடனே பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்க்கும், இப்போது தெரிய வேண்டுமா, தெரியக்கூடாதா என்று கேட்கிற மாதிரி.

ஜனவரியில் பாப்பாவின் அம்மா பள்ளிக்கு வந்தாள். டிரஸ்டுக்குச் சொந்தமாக ஹாஸ்டலோடு ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும். ஒவ்வொரு சின்னப் பள்ளியிலிருந்தும் ரெண்டு பெண் பிள்ளைகளை இலவசமாக எடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்திருந்தார்கள். அவள் ஷிப்டு முடிந்த முகத்தோடு நேராக என்னிடம் வந்துவிட்டாள். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாய் என்று வீட்டுக்காரம்மா நச்சரிக்கிறாள், அடுத்த வருஷம் தாங்காது என்று சொன்னாள். ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் ராணிப்பேட்டையில் இருக்கிற அண்ணன் வீட்டில் விடவேண்டியதுதான், அங்கே ரெட்டைக் குழந்தை, அண்ணி இப்போதே பிள்ளை தூக்க ஆள் தேடுகிறாள் என்றாள்.

"அங்க போச்சுன்னா படிப்பு அவ்ளோதான் டீச்சர். ஸ்கூலுக்கு அனுப்பறோம்னுதான் சொல்லுவாங்க. நீங்கதான் எப்டியாவது இந்தப் புள்ளைய ஹாஸ்டல்ல சேத்து வுடணும்."

கவலைப்படாதே, உன் பிள்ளைக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அவள் போனபிறகுதான் அந்தச் சுற்றறிக்கையை ஒழுங்காகப் படித்தேன். தேர்வு செய்வது ஜூன் மார்க்கை வைத்து. இரண்டாவது பரீட்சைக்கு டீச்சர்கள் பழக்கிவிடுகிறார்கள், முதல் பரீட்சைக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை, எனவே அதுதான் பிள்ளையின் உண்மையான நிலை என்று காரணம் வேறு போட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஸ்டாப் ரூமில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தம்மா கெட்டவர் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, நீ இதை வெளியே சொன்னால் இந்த ஒரு பிள்ளையின் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்கள், மூணு வருஷத்து மார்க் மொத்தத்தையும் பொய் என்பார்கள், பச்சை வாங்கின வருஷமும் போய்விடும் என்றார். ஒப்பந்தம் இந்த மார்ச்சில் புதுப்பிக்கப்பட வேண்டும். உன் ஒருத்தி பேச்சில் இத்தனை பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டுமா என்று கேட்டார். நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன். பிப்ரவரியில் பாப்பா எடுக்கப்போகிற மார்க்கைப் பார்த்து அவர்களே மனசு மாறிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி பரீட்சை வந்தது. எல்லாத்தையும் வெளிய எடுத்துடு கண்ணு என்று சொல்லி அனுப்பினேன். வெளியே வந்த பாப்பாவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். நாப்பதுக்கு நாப்பது டீச்சர் என்றது. பிள்ளைகள் சுற்றி நின்று பதில்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு கேள்வி என் காதில் விழுந்தது. 'விழுது எதில் காணப்படும்?' நாலு விடை கொடுத்திருந்தார்கள், தாமரை, ஆலமரம், தறி, கோபுரம். பதினாலு பேரும் ஒரே குரலில் தறி என்றார்கள்.

அடப்பாவிகளா, ஆலமரம்டா என்று கத்திவிட்டேன். எங்கள் ஊரில் ஏரிக்கரை ஆலமரத்து விழுதைப் பிடித்து ஊஞ்சல் ஆடி வளர்ந்தவள் நான். பிள்ளைகள் என்னைத்தான் பைத்தியக்காரி மாதிரி பார்த்தார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாப்பா குடியிருக்கிற வீட்டுக்கே கூட்டிப்போனார்கள். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல்களைப் பிரித்துத் தூக்குவதற்கு வரிசையாக நூல் கண்ணிகள் தொங்கும். பாப்பா அதைத் தொட்டுக் காட்டியது.

"இதான் டீச்சர் விழுது. மிதிச்சா பாவைத் தூக்கிக்கினு மேல போவும்."

ஆலமரத்தில் தொங்குவதும் விழுதுதான் என்றேன். அதை நாங்கள் வேர் என்றுதான் சொல்வோம் என்றார்கள். ஊருக்கு ஏற்ற மாதிரி கேள்வி இருக்கட்டும் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு தறி, கோபுரம் என்று விடையில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள், தறியிலும் விழுது இருக்கிறது என்று தெரியாமலேயே. நான் போனை எடுத்து டிரஸ்ட் ஆபீஸில் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். விடைக்குறிப்பை மாற்ற முடியாது மேடம் என்றார்கள். அந்தச் சண்டையில் ஒன்றைக் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன். மற்றவர்கள் எல்லோரும் ஒரு மார்க் போச்சே என்று புலம்ப, பாப்பா மட்டும் தறிக்குப் பக்கத்தில் விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு நின்றது.

ரிசல்ட் வந்தது. பாப்பா முப்பத்தொன்பது. எட்டிலிருந்து முப்பத்தொன்பது. என் வகுப்பு பச்சை. தலைமையாசிரியை லட்டு வாங்கிக் கொடுத்தார். நான் டிரஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன், இந்த மாணவியை ஹாஸ்டலுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று. ஜூன் மார்க்தான் விதி என்று ரெண்டு வரியில் பதில் வந்தது.

மார்ச்சில் டிரஸ்டிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வயசு முப்பது இருக்கும், மரியாதையான பிள்ளை, கையில் லேப்டாப். இவ்வளவு பெரிய வளர்ச்சியை நேரில் பார்க்க வந்திருக்கிறேன் என்றார். பாப்பாவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு அங்கேயே நாலைந்து கணக்கும் ஒரு பத்தி ஆங்கிலமும் கொடுத்தார். எல்லாவற்றையும் அது நிமிஷத்தில் முடித்தது. அவர் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, ஜூனில் மட்டும் இந்தப் பெண்ணுக்கு இந்த மார்க் இருந்திருந்தால் இன்றைக்கே ஹாஸ்டல் லிஸ்டில் பெயர் போட்டிருப்பேன் மேடம், லிஸ்ட் இன்னும் மூடவில்லை, பாவம் என்றார்.

பிறகு லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது, கம்ப்யூட்டர் காரணம் கேட்கிறது என்றார். முப்பத்தொன்பது கேள்விகள் பச்சையாக இருந்தன. அதாவது ஜூனில் தப்பாக எழுதி இப்போது சரியாக எழுதினவையும், ரெண்டிலும் சரியாக எழுதினவையும். ஒன்றே ஒன்று சிவப்பு. ஜூனில் சரியாக எழுதிவிட்டு இப்போது தப்பாக எழுதினது.

விழுது.

ஜூனில் இந்தப் பள்ளியிலேயே ஆலமரம் என்று போட்டது இந்தப் பாப்பா ஒருத்திதான், மற்ற எல்லோரும் தறி, இப்போது பார்த்தால் இதுவும் தறி என்று போட்டிருக்கிறது, அதுதான் புரியவில்லை என்றார் அவர். எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டின மாதிரி இருந்தது. பாப்பாவைப் பொறுத்தவரை தறிதான் சரியான விடை. அது வேண்டுமென்றே தப்பாக எழுத நினைத்தது. தப்பு என்று நினைத்துப் போட்டது ஆலமரம். அந்தத் தப்புதான் சரியாகிவிட்டது. ஏழு எட்டான கதை அதுதான். ஜூனிலேயே இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் தப்பாக எழுதியது என்பதற்கு உலகத்திலேயே இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சிவப்புக் கட்டம். லிஸ்ட் இன்னும் மூடவில்லை. நான் நாலு வாக்கியம் சொன்னால் போதும்.

வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். என் வகுப்பிலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தமும், எங்கள் தெருவும், அப்பா முகமும் எல்லாம் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதிகாரி பாப்பா பக்கம் திரும்பினார்.

"ஜூன்ல கரெக்டா தெரிஞ்சது, இப்ப எப்படிம்மா தப்பாச்சு?"

பாப்பா என்னைப் பார்த்தது. வகுப்பில் பார்க்குமே, தெரிய வேண்டுமா, தெரியக்கூடாதா என்று, அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மறந்துட்டேன் சார்" என்றது.

பரவாயில்லைம்மா, எல்லோரும் மறப்போம் என்று சொல்லி, காரணம் என்ற கட்டத்தில் 'மறதி' என்று தட்டினார். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தோம். மாடிப்படிக்குக் கீழே பாப்பா என் புடவையைப் பிடித்து இழுத்து, அதுதான் டீச்சர் அந்த எட்டாவது மார்க், நான் தப்புன்னு நெனச்சுப் போட்டது என்றது. அன்றைக்குத் தறிகிட்டயே கண்டுபிடிச்சுட்டேன், யார்கிட்டயும் சொல்லல என்றது. அதன் குரலில் பெருமை இருந்தது. நான் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஏப்ரலில் லிஸ்ட் வந்தது. என் வகுப்பிலிருந்து ரெண்டு பெண்கள். நல்ல பிள்ளைகள்தான், அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம். பெயர் படித்தபோது பாப்பாதான் முதலில் கை தட்டியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு டிரஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். போனால் போகட்டும் இந்த வேலை என்று முடிவு பண்ணிக்கொண்டு அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்து, ஜூனிலிருந்து மார்ச் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டினேன். ஏழையும் சொன்னேன், எட்டையும் சொன்னேன், விழுதையும் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இதை எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள் மேடம், ரெண்டு பிள்ளைகளுடைய வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது, இனிமேல் யாரை எடுத்துவிட்டு யாரைப் போடுவது என்றார். பள்ளியை மூடினாலும் மூடிக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குழப்பம் இருந்தது.

"ஒப்பந்தமா? அது நான் உங்க ஸ்கூலுக்கு வர்றதுக்கு முந்தின வாரமே கையெழுத்து ஆயிடுச்சே மேடம்."

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேனா என்று ஞாபகமில்லை. நான் ஊமையாக நின்ற அன்றைக்கு யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. பள்ளிக்கு இல்லை, பிள்ளைகளுக்கு இல்லை, எனக்கும் பெரிதாக இருந்திருக்காது. இல்லாத ஒரு பூதத்துக்குப் பயந்து அந்தப் பிள்ளையைக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பொம்பளை, யார் செத்தாங்கம்மா என்று கேட்டாள்.

மே மாதம் அம்மாவும் பாப்பாவும் டி.சி. வாங்க வந்தார்கள். நான் ஆபீஸில் எழுதி, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டுக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் கூடப் போனேன். கேட்டில் புது அட்மிஷனுக்காக ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். முக்கால்வாசி பாப்பாவின் முகம்தான், அதிகாரி அன்றைக்கு எடுத்த போட்டோ. கீழே பெரிய எழுத்தில், 'எட்டிலிருந்து முப்பத்தொன்பது! எங்கள் பள்ளியில் உங்கள் குழந்தையும் வளரும்!' என்று போட்டிருந்தது. பாப்பாவின் அம்மா நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்து என் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இவ்ளோ வளந்துக்குது எம் பொண்ணு. அப்புறம் ஏன் டீச்சர் சீட்டு குடுக்கல?"

அம்மா, நான்தாம்மா என்று ஆரம்பித்தேன். அதற்குள் பாப்பா எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றது.

"நான் ஒரு கேள்வி மறந்துட்டேம்மா. அதான் குடுக்கல."

அவள் மகளைப் பார்த்தாள். எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த முகத்தில் வந்தது. நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஒரே ஒரு கேள்வி, அதை ஞாபகம் வெச்சுக்க முடியலயா உனக்கு, கம்பெனில நின்னு நின்னு என் காலு வீங்குது, யாருக்காக நிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ராணிப்பேட்டை பஸ் பிடிக்க நடந்தாள். பாப்பா ஒரு கையால் தலையைத் தேய்த்துக்கொண்டு, இன்னொரு கையில் டி.சி. உறை கசங்காமல் பிடித்துக்கொண்டு போனது. நான் பின்னாலேயே ஓடியிருக்கலாம். பத்தடிதான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரு முனை திரும்புகிற வரைக்கும் அது திட்டு வாங்கிக்கொண்டே போனது.